மண்ணெண்ணெயில் ஓடும் விமானம்: பழைய பிளைற் சிமுலேற்றரும் புதிய விண்டோசும்

வன்னியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு விமானம் முதலில் காதாலதான் அறிமுகமானது. இஸ்ரேல் தயாரிப்பான கிபிர் 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்தது. கொஞ்ச நாளிலேயே எங்கட ஊர்களில் அது ஒரு சத்தத்தின் பெயராக மாறிவிட்டது. ஆளில்லா வேவு விமானத்துக்கு 'வண்டு' எண்டு பெயர். பள்ளிக்கூடம் போகாத அம்மம்மாமாரும் சத்தத்தை வைத்தே எது வண்டு, எது கிபிர் எண்டு பிரிச்சுச் சொல்லுவினம். 2006 ஆகஸ்ட் 14 காலையில் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் குண்டுகள் விழுந்ததும் வானத்திலிருந்துதான். இப்ப இருபதுகளின் தொடக்கத்தில் நிற்கிற நாங்கள், அந்தக் காலத்தின் கடைசிப் பகுதியைக் குழந்தைகளாகக் கண்ட ஆக்கள்.

அப்படியான இடத்திலிருந்து விமானம் ஓட்டுகிற ஒரு கணினி நிரலைப் பற்றி எழுதுவது சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம். அதுவும் 2003இல் வந்த பழைய நிரலை இன்றைய மடிக்கணினியில் ஓட வைக்கிற கதை. 'உங்களுக்கு வேற வேலை இல்லையோ?' எண்டும் கேட்கலாம். நாங்கள் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆக்கள்; இதில் எங்களுக்கு ஒரு வரலாற்றுக் கேள்வி தெரிகிறது. ஒரு பழைய பொருள் புதிய இயந்திரத்தில் ஓடுமா ஓடாதா என்பதை யார் தீர்மானிக்கிறார்கள்? அந்தத் தீர்மானத்தின் செலவை யார் கட்டுகிறார்கள்? இதைக் கேட்டுப் பார்ப்பதற்குப் பிளைற் சிமுலேற்றரை விட நல்ல உதாரணம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஏனென்றால் ஒரு காலத்தில் அதுதான் மற்றக் கணினிகளை அளக்கிற அளவுகோலாக இருந்தது.

அளவுகோலாக இருந்த நிரல்

கதை அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. புரூஸ் ஆர்ட்விக் என்ற மாணவர் 1975இல் தன் முதுமாணி ஆய்வுக்கு எடுத்த விடயம், விமானம் பறக்கும்போது தெரிகிற காட்சியைக் கணினித் திரையில் அசையும் படமாகக் காட்டுவது. அந்தக் காலத்தில் இப்படியான வேலை இராணுவங்களும் விமான நிறுவனங்களும் வைத்திருந்த பெரிய இயந்திரங்களுக்கே உரியது. சின்னக் கணினியாலும் செய்யலாம் என்பது ஆர்ட்விக்கின் எண்ணம். 1977இல் சப்லொஜிக் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. 1980 அளவில் ஆப்பிள் 2 கணினிக்கான முதல் பிளைற் சிமுலேற்றர் விற்பனைக்கு வந்துவிட்டது. கோடுகளால் வரைந்த நிலம், கோடுகளால் வரைந்த மலை, கீழே சில கருவிகள். அவ்வளவுதான்.

மைக்ரோசொப்ற் நிறுவனம் இதன் உரிமையை வாங்கி, 1982 நவம்பரில் ஐபிஎம் பிசிக்கான பதிப்பை வெளியிட்டது. இந்தப் பதிப்பு டொஸ் இயங்குதளத்தைக் கூடக் கேட்கவில்லை. நெகிழ்தட்டைப் போட்டுக் கணினியைப் போட்டால் நிரல் நேரடியாக எழும்பிவிடும். திரை, விசைப்பலகை, நினைவகம் எல்லாவற்றோடும் இடையில் ஆள் வைக்காமல் தானே பேசும். அந்த வேகம் இல்லாவிட்டால் அன்றைய கணினியில் விமானத்தைப் பறக்க விட ஏலாது.

இந்த நேரடித் தொடர்புதான் பிறகு ஒரு வேடிக்கையான வேலைக்கு உதவியது. 1982, 1983 காலத்தில் கொம்பாக் போன்ற நிறுவனங்கள் ஐபிஎம் பிசியைப் போலவே நடக்கிற, மலிவான கணினிகளைச் செய்யத் தொடங்கின. எல்லாரும் 'எங்கட மெசின் ஐபிஎம்முக்கு ஒத்தது' எண்டு விளம்பரம் போட்டார்கள். உண்மையோ பொய்யோ என்று பார்க்க, வாங்குபவர்களும் சஞ்சிகைகளும் இரண்டு நிரல்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒன்று லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் நிரல். மற்றது பிளைற் சிமுலேற்றர். வன்பொருளில் ஒரு சின்ன வித்தியாசம் இருந்தாலும் விமானம் எழும்பாது. பிளைற் சிமுலேற்றர் ஓடினால் அந்தக் கணினி தேறிவிட்டது என்று அர்த்தம்.

இதைக் கவனியுங்கள். 1983இல் புதிய இயந்திரம் பழைய நிரலுக்கு முன்னால் பரீட்சை எழுதியது. ஒத்துப்போகவேண்டிய கடமை இயந்திரத்துக்கு இருந்தது. முப்பது வருடத்தில் அந்தக் கடமை மற்றப் பக்கம் மாறிவிட்டது. இன்றைக்குப் பழைய நிரல்தான் புதிய விண்டோசின் வாசலில் நின்று 'என்னை உள்ளே விடுவியளோ?' எண்டு கேட்கிறது.

இரண்டு நாட்காட்டிகள்

பிளைற் சிமுலேற்றரின் பதிப்புகளை ஒரு பக்கமும் வன்னியின் வருடங்களை மறுபக்கமும் வைத்துப் பார்த்தால், இரண்டு நாட்காட்டிகள் ஒன்றையொன்று காணாமல் நகர்வது தெரியும்.

விண்டோஸ் 95க்கான பதிப்பு 1996இல் வந்தது. அடுத்தது 1997இல், அதற்கடுத்தது 1999இல். அந்த வருடங்களில் வன்னிக்குள் பற்றரியும் எரிபொருளும் சீமெந்தும் தடைசெய்யப்பட்ட அல்லது கட்டுப்படுத்தப்பட்ட பொருட்கள். மின்சாரம் வலையிலிருந்து வரவில்லை. ஜாம் போத்தலுக்குள் திரி விட்ட விளக்கில் எங்கட அண்ணாமார் அக்காமார் சோதனைக்குப் படித்தார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, சில்லைச் சுத்தி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் றேடியோ கேட்டார்கள்.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. லொறிகளில் வந்த எத்தனையோ சாமான்களோடு கணினியும் வந்தது. கிளிநொச்சியில் கணினி வகுப்புகள் நடந்தன. ஜெனரேற்றர் சத்தத்துக்கு நடுவில் பிள்ளைகள் மௌஸ் பிடிக்கப் பழகினார்கள். 2003 ஜூலையில் வெளியான பதிப்புதான் 'பிளைற் சிமுலேற்றர் 2004'. ரைட் சகோதரர்கள் பறந்து நூறு வருடமானதைக் கொண்டாடுகிற பதிப்பு அது. அடுத்த பதிப்பான 'எக்ஸ்' 2006 ஒக்ரோபரில் வந்தது. ஏ9 அந்த வருடம் ஆகஸ்ட் 11ஆம் தேதியே மூடப்பட்டுவிட்டது.

2007 மார்ச் 26ஆம் தேதி புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தில் குண்டு போட்டன. செக் நாட்டில் செய்த ஸ்லின் வகை விமானங்கள் அவை. இரணைமடுப் பக்கத்தில் புலிகளுக்கு ஓடுபாதை இருந்தது உலகத்துக்குத் தெரிந்த சங்கதி. 2009 ஜனவரி 2ஆம் தேதி கிளிநொச்சி இராணுவத்தின் வசமானது. அதே ஜனவரியில், கடலுக்கு அந்தப் பக்கம், பிளைற் சிமுலேற்றரைச் செய்துவந்த ஏசஸ் என்ற பிரிவை மைக்ரோசொப்ற் மூடிவிட்டது. உலகப் பொருளாதார நெருக்கடியில் செலவைக் குறைக்கிற நடவடிக்கை அது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பதினொரு வருடம் மைக்ரோசொப்ற்றின் முழுமையான புதிய பிளைற் சிமுலேற்றர் எதுவும் வரவில்லை. போர் முடிந்து எங்கட ஊர்களுக்கு மின்கம்பமும் கணினியும் மெல்ல மெல்ல வந்து சேர்ந்தது இந்தப் பதினொரு வருடத்துக்குள்தான். நாங்கள் கணினிக்கு முன்னால் போய் இருந்தபோது கையில் கிடைத்தது பழைய பதிப்புகள்.

இப்ப புதியது இருக்கிறதே, அதைப் போட்டால் என்ன எண்டு கேட்பீர்கள். 2020 ஆகஸ்டில் வந்த புதிய பிளைற் சிமுலேற்றர் உண்மையில் பெரிய சாதனை. செய்மதிப் படங்களிலிருந்து உலகம் முழுவதையும் செய்து, இரண்டு பெற்றாபைற்றுக்கு மேலான தரவை மைக்ரோசொப்ற்றின் சேவர்களில் வைத்து, பறக்கப் பறக்க இணையத்தால் அனுப்புகிறார்கள். குறைந்தபட்சத் தேவை 8 ஜிபி நினைவகம், 2 ஜிபி நினைவகமுள்ள கிராபிக்ஸ் காட், வன்தட்டில் 150 ஜிபி இடம். 2004 பதிப்பு கேட்டது 450 மெகாஹேர்ட்ஸ் புரோசசரும் வன்தட்டில் இரண்டு ஜிபிக்கும் குறைவான இடமும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. கணினி என்பது முழுக்க இறக்குமதிச் சாமான். அந்த வருடத்துக்குப் பிறகு மாணவர்களின் கையில் இருக்கிறது, அண்ணா பாவிச்சு முடிச்ச மடிக்கணினி, அல்லது கொழும்பில் ஏதோ அலுவலகம் கழிச்சு விட்ட கணினி. டேற்றா காட் போட்டு மாதத்தை ஓட்டுகிற பிள்ளைக்கு, வானத்தையும் இணையத்தால் இறக்கு எண்டு சொன்னால் எப்படி? இருக்கிற இயந்திரத்தில் இணையமில்லாமல் பறக்கவேணுமென்றால் பழைய பதிப்புதான் வழி.

எது உடையுது, ஏன் உடையுது

பழைய நிரல் புதிய விண்டோசில் ஓடாமல் போவதற்குப் பல காரணங்கள். எல்லாவற்றையும் 'பழசாப் போச்சு' எண்டு ஒரே வார்த்தையில் முடிச்சுவிடக் கூடாது. நிரல் இரும்பு இல்லை, துருப்பிடிக்காது. 2003இல் எழுதின அதே கட்டளைகள் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. மாறியது சுற்றியிருக்கிற உலகம்.

முதலாவது, பாசை. 1990களில் வந்த பல நிரல்களின் நிறுவற் கோப்புகள் 16 பிற் வகை. 64 பிற் விண்டோஸ் அவற்றை எடுக்கவே எடுக்காது. 2004 பதிப்பு 32 பிற் என்பதால் அந்தக் கண்டத்திலிருந்து தப்பிவிட்டது. ஆனால் 32 பிற் நிரல் வழமையாக 2 ஜிபி நினைவகத்தைத்தான் தொடும். கணினியில் 16 ஜிபி இருந்தாலும் சரி, கூடுதலான காட்சிகளைச் சேர்த்துப் பறக்கும்போது அது நடுவானில் நினைவகம் போதாமல் நின்றுவிடும். 64 பிற் விண்டோசில் 4 ஜிபி வரை தொட அனுமதிக்கிற ஒரு சின்னக் குறியைக் கோப்பில் மாற்றிவிட்டு, பாவனையாளர்கள் இதைச் சமாளிக்கிறார்கள்.

இரண்டாவது, அனுமதி. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நிரல்கள் தங்கட கோப்புறைக்குள் நினைச்ச நேரம் எழுதும். விஸ்டாவிலிருந்து விண்டோஸ் அதைத் தடுத்தது. புரோகிராம் பைல்ஸ் கோப்புறைக்குள் எழுதப் போகிற பழைய நிரலை ஏமாற்றி, வேறொரு மறைவான இடத்தில் எழுத வைக்கும். பிறகு நாங்கள் சேர்த்த விமானத்தைக் காணேல்லை, மாற்றின அமைப்பைக் காணேல்லை எண்டு தலையைச் சொறியவேண்டியதுதான். இதற்குத் தீர்வு சுலபம். நிறுவும்போதே அந்தக் கோப்புறைக்கு வெளியே, சி டிரைவில் தனி இடம் கொடுத்து நிறுவுவது.

மூன்றாவது, படம். 2004 பதிப்பு டிரெக்ட்எக்ஸ் 9 வழியாகத் திரையோடு பேசுகிறது. விண்டோஸ் 11இலும் அந்தப் பழைய வழி இன்னும் இருக்கிறது. ஆனால் புதிய கிராபிக்ஸ் காட்டுகளின் டிரைவர்கள் அதைக் கவனமாகப் பார்ப்பது குறைவு. திரை மினுங்கும், எழுத்துகள் காணாமல் போகும், முழுத்திரைக்குப் போனால் கறுப்பாகும். இதற்காக டிஜிவூடூ என்ற ஒரு இலவச நிரல் இருக்கிறது. பழைய டிரெக்ட்எக்ஸ் கட்டளையை எடுத்து, புதிய டிரெக்ட்எக்ஸ் பாசைக்கு மாற்றிக் கொடுக்கிற மொழிபெயர்ப்பாளர் என்று சொல்லலாம். அதன் கோப்புகளைச் சிமுலேற்றரின் கோப்புறைக்குள் போட்டுவிட்டால் பல பிரச்சினைகள் தீரும்.

நான்காவதுதான் பெரிய கதை: பூட்டு. 2004 பதிப்பு நான்கு இறுவட்டுகளில் வந்தது. அசல் இறுவட்டு கணினியில் இருக்கிறதா என்று பார்க்க சேஃப்டிஸ்க் என்ற பாதுகாப்பைப் போட்டிருந்தார்கள். அது சாதாரண நிரல் மாதிரி நடக்காது. விண்டோசின் அடிமட்டத்தில், எல்லா அதிகாரமும் உள்ள இடத்தில், ஒரு டிரைவரை வைத்து வேலை செய்யும். 2007இல் அந்த டிரைவரில் ஒரு ஓட்டை வெளிப்பட்டது. கணினியில் சாதாரண அனுமதியோடு இருக்கிற ஆள், அந்த ஓட்டை வழியாக முழு அதிகாரத்தையும் எடுத்துவிடலாம். அப்போது அதைத் திருத்தினார்கள். 2015இல் விண்டோஸ் 10 வந்தபோது அந்த டிரைவரையே எடுத்துவிட்டார்கள். அதே வருடம் செப்ரெம்பரில் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு, விஸ்டாவிலிருந்து 8.1 வரையான விண்டோஸ்களிலும் அதை முடக்கியது.

பாதுகாப்புக் காரணம் நியாயமானது. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். காசு கொடுத்து அசல் பெட்டி வாங்கின ஆளின் இறுவட்டு அடுத்த நாள் ஓடவில்லை. பூட்டுடைத்த நகல் வைத்திருந்த ஆளின் நிரல் ஓடிக்கொண்டே இருந்தது. பூட்டைப் போட்டவர்கள் போனபிறகு சாவியும் போய்விட்டது. வீட்டுக்காரர் வெளியே நிற்கிறார். அதனாலதான் இன்றைக்கும் பலர், யார் செய்ததென்று தெரியாத பூட்டுடைத்த கோப்புகளைத் தேடிப் போய், வைரசையும் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். போதாக்குறைக்குப் புதிய மடிக்கணினிகளில் இறுவட்டு போடுகிற வாயே இல்லை.

2006இன் எக்ஸ் பதிப்புக்கு இதைவிட நல்ல விதி வாய்த்தது. 2014 டிசெம்பரில் டவ்டெயில் என்ற நிறுவனம் உரிமை எடுத்து, புதிய விண்டோசில் ஓடுகிற மாதிரித் திருத்தி, ஸ்ரீம் தளத்தில் விற்றது. ஆக, திருத்த ஏலாத பிரச்சினை எண்டு ஒன்றும் இல்லை. யாராவது பொறுப்பெடுத்தால் ஓடும். 2004 பதிப்புக்கு அப்படி யாரும் பொறுப்பெடுக்கவில்லை.

மண்ணெண்ணெய் படித்த பாடம்

ஒன்றுக்குப் பொருந்தாததைப் பொருத்தி ஓட்டுகிற வித்தையை எங்கட ஆக்களுக்கு யாரும் இணையத்தில் சொல்லிக் கொடுக்கவில்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மோட்டச்சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலுக்காகச் செய்த இயந்திரம் குளிரில் மண்ணெண்ணெயைப் பிடிக்காது. அதனால் முதலில் காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு உதைத்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். கறுப்புப் புகை வந்தது, பிளக் அடிக்கடி கரி பிடித்தது, ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. பழைய ஒஸ்ரின் கார்களும் இப்படித்தான் ஓடின. ஜெற் விமானத்துக்கு ஊற்றுவதும் ஒரு வகை மண்ணெண்ணெய்தான். மேலே பறந்ததும் கீழே முக்கி முக்கி ஓடினதும் ஏறக்குறைய ஒரே எண்ணெயில்.

டிஜிவூடூ செய்வது இதே வேலைதான். இயந்திரம் எதிர்பார்க்கிற ஒன்றைக் கொடுத்துத் தொடக்கிவிட்டு, கிடைக்கிற ஒன்றில் ஓட வைப்பது. லினக்சில் விண்டோஸ் நிரல்களை ஓட்டுகிற வைன் என்ற நிரலும் அதே குடும்பம். இவற்றைச் செய்தவர்கள் பெரிய நிறுவனங்களின் கட்டளைக்குச் செய்யவில்லை. தங்களுக்குத் தேவைப்பட்டது, செய்தார்கள், மற்றவர்களுக்கும் கொடுத்தார்கள். 1990களின் பிற்பகுதியிலிருந்து பலர் சேர்ந்து வளர்த்துவருகிற பிளைற்கியர் என்ற சிமுலேற்றரும் இலவசம்தான். அதன் மூலநிரல் திறந்திருப்பதால், செய்தவர் கைவிட்டாலும் அடுத்த ஆள் எடுத்துத் திருத்தலாம். சாவி ஒருவரின் பொக்கெற்றுக்குள் இல்லை.

தடைக்கால வித்தைகளைப் பற்றிப் பேசும்போது எங்கட பெரியாக்கள் பெருமைப்படுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அதே நேரம், அந்தத் தடை இல்லாவிட்டால் அந்த வித்தைக்குத் தேவையும் இருந்திராது. பழைய நிரலை ஓட்டுகிற பாவனையாளர்களின் கெட்டித்தனத்தைப் புகழும்போதும் இதை மறக்கக்கூடாது. வாங்கின பொருள் தொடர்ந்து ஓடுவதைப் பார்க்கவேண்டிய வேலையை, விற்றவர் விட்டுவிட்டதால் வாங்கினவர் செய்கிறார்.

அழிந்த இடம் அழியாமல் இருக்கிற இடம்

சரி, ஒரு விளையாட்டு ஓடாமல் போனால் என்ன நட்டம்? இதற்குப் பதில் சிக்காகோ நகரத்தில் இருக்கிறது.

மிச்சிகன் ஏரிக் கரையில் மெக்ஸ் பீல்ட் எண்டு ஒரு சின்ன விமான நிலையம் இருந்தது. முதல் பதிப்பிலிருந்து பல வருடங்களாகப் பிளைற் சிமுலேற்றரைத் திறந்தால் உங்கள் விமானம் நிற்கிற இடம் அதுதான். உலகத்தில் லட்சக்கணக்கான ஆக்கள் சிக்காகோவை நேரில் காணாமலே அந்த ஓடுபாதையிலிருந்து எழும்பினார்கள். 2003 மார்ச் 30ஆம் தேதி நள்ளிரவில் நகர மேயர் ரிச்சர்ட் டேலியின் உத்தரவில் புல்டோசர்கள் வந்து, ஓடுபாதையில் பெரிய பெரிய பெருக்கல் குறிகளாகக் கிண்டிவிட்டுப் போயின. முன்னறிவித்தல் இல்லை. அங்கே நின்ற விமானங்களே மாட்டுப்பட்டுக்கொண்டன. இப்ப அந்த இடம் ஒரு பூங்கா. நான்கு மாதம் கழித்து வந்த 2004 பதிப்பில் மெக்ஸ் பீல்ட் அப்படியே இருக்கிறது. அடுத்த பதிப்பில் இல்லை. இன்றைக்கும் மெக்ஸிலிருந்து எழும்பவேணும் என்று நினைக்கிற ஆள் 2004 பதிப்பைப் போட்டால், ஓடுபாதை காத்துக்கொண்டு நிற்கும்.

புல்டோசர் வந்து போன இடங்களைப் பற்றி வன்னியில் நாங்கள் ஆருக்கும் விளக்கத் தேவையில்லை. ஒரு இடம் நிலத்தில் அழிந்தபிறகும் எங்கேயாவது ஒரு கோப்பில் அது அழியாமல் இருக்கலாம் என்பதும், அந்தக் கோப்பைத் திறக்கிற இயந்திரம் இல்லாமல் போனால் அது இரண்டாவது முறை அழியும் என்பதும் எங்களுக்கு முக்கியமான விடயம்.

2004 பதிப்பு வன்னியை அப்படிச் சேமித்து வைத்திருக்கிறதா? இல்லை. அதன் நிலம் பெரும்பாலும் பொதுவான படங்களால் ஆனது. இது காடு, இது வயல், இது ஊர் எண்டு ஒரு குறியீடு. அந்தக் குறியீட்டுக்கு ஒரு படம். எங்கட காடும் வேறொரு நாட்டின் வறண்ட காடும் ஒரே சட்டையைப் போட்டிருக்கும். ஆனால் அதில் வேறொன்று இருக்கிறது. நூற்றாண்டுப் பதிப்பு என்பதால் பழைய விமானங்களைச் சேர்த்திருந்தார்கள். அதில் ஒன்று டக்ளஸ் டிசி-3. எங்கட பெரியாக்கள் டக்கோட்டா எண்டு சொல்லுவது அதைத்தான்.

1947 டிசெம்பர் 10ஆம் தேதி எயார் சிலோன் தன் முதல் பறப்பைத் தொடங்கியது டக்கோட்டாவில்தான். ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறைக்கு, அங்கிருந்து சென்னைக்கு. சுதந்திரத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால். காங்கேசன்துறை என்று அன்று சொன்ன விமானத்தளம்தான் பலாலி. இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படை பாவித்த தளம் அது; வவுனியாவிலும் அப்படி ஒரு தளம் இருந்தது. ரத்மலானையிலிருந்து பலாலிக்கு நேர்கோட்டில் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அந்தக் கோடு வவுனியாவுக்கு மேற்கே, மடுப் பக்கத்துக் காடுகளையும் வெள்ளாங்குளத்தையும் அண்டி வடக்கே போகிறது. 2004 பதிப்பில் டிசி-3ஐ எடுத்து, வடக்கே திருப்பி, ஒன்றரை மணித்தியாலம் அளவில் அந்தப் பயணத்தைச் செய்து பார்க்கலாம். ஆரும் குண்டு போடப் போகாத, ஆரும் பங்கருக்குள் ஓடாத ஒரு பறப்பு எங்கட வானத்தில் ஒரு காலம் இருந்தது எண்டு புத்தகத்தில் வாசிப்பதும், அதே வேகத்தில் அதே திசையில் மெல்ல மெல்லப் போய்ப் பார்ப்பதும் இரண்டு வேறு வகையான படிப்பு. புதிய பதிப்பிலும் 2022இல் டிசி-3ஐச் சேர்த்தார்கள். அதை ஓட்டத்தக்க கணினி இருக்கிற ஆக்கள் ஓட்டலாம்.

பலாலி 2019 ஒக்ரோபர் 17ஆம் தேதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் சென்னையிலிருந்து அலையன்ஸ் எயாரின் ஏரிஆர் 72 விமானங்கள் வரத் தொடங்கின. கொரோனாவில் நின்று, 2022 டிசெம்பரில் திரும்ப வந்தன. 1947இன் பாதையின் வடக்குப் பாதிதான் அது. விமானமும் காற்றாடி வைத்ததுதான்.

எங்கட கோப்புகள்

இவ்வளவும் எழுதுகிறதற்கு ஒரு காரணம் எங்கட சொந்தக் கோப்புகளும்தான். போர்நிறுத்தக் காலத்து நான்கு வருடத்தில் வன்னியில் கணினியில் எழுதப்பட்ட கடிதம், அறிக்கை, பாடக்குறிப்பு, கலியாண அழைப்பு எத்தனை எத்தனை! பெரும்பாலும் பாமினி எழுத்துருவில். பாமினி தமிழ் எழுத்தைச் சேமிப்பதில்லை. ஆங்கில எழுத்துகளைச் சேமித்து, தமிழ் முகமூடி போட்டுக் காட்டும். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை மாதிரித் தெரியும். தெரியாத பிள்ளை, கோப்பு பழுதாப் போச்சு எண்டு அழிச்சுவிடும். யுனிகோட்டுக்கு மாற்றுகிற கருவிகள் இலவசமாக இருக்கின்றன. மாற்றவேணும் எண்டு தெரிந்த ஆள் வேணும். அதுதான் குறை.

அச்சிட்ட தாளைக் காப்பாற்றுவதற்கு எங்கட சமூகம் ஓரளவு வழி கண்டிருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் ஆயிரக்கணக்கான ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் படமாக இருக்கின்றன. ஒரு பக்கத்தைப் படம் பிடித்தால் அது பிழைத்துவிடும். ஒரு நிரலைப் படம் பிடிக்க ஏலாது. அது ஓடவேணும். ஓடுவதற்கு இயந்திரம் வேணும், இயங்குதளம் வேணும், ஓட்டத் தெரிந்த ஆள் வேணும். இந்த மூன்றில் ஒன்று போனாலும் மற்ற இரண்டாலும் பிரயோசனமில்லை.

2025 ஒக்ரோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கிறார்கள். அது இல்லாத, ஆனால் நன்றாக ஓடுகிற கணினிகள் எங்கட வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் நிறைய இருக்கின்றன. அவற்றை எல்லாம் கழிக்கச் சொல்லி ஊருக்குள் ஆள் வருவதற்கு முன், சில வேலைகளை எங்களாலேயே செய்யலாம்.

வீட்டில் இருக்கிற பழைய இறுவட்டுகளை, பூஞ்சணம் பிடிக்க முதல், முழு நகலாக வன்தட்டுக்கு எடுத்து வையுங்கள். எக்ஸ்பி ஓடுகிற பழைய கணினி ஒன்று இருந்தால் இணையத்தில் தொடுக்காமல் அப்படியே வைத்திருங்கள். பழைய கோப்பைத் திறக்க அது ஒருநாள் உதவும். பாமினிக் கோப்புகளை மாற்றி, மூலத்தையும் அழிக்காமல் வையுங்கள். விண்டோஸ் 11 ஏறாத மடிக்கணினியில் லினக்ஸ் போட்டுப் பாருங்கள். அறிவியல்நகரில் பொறியியல் படிக்கிற நண்பர்கள் இதற்கு உதவுவார்கள். நாங்கள் அவர்களுக்கு டக்கோட்டாவின் கதையைச் சொல்லுவோம். பழைய பிளைற் சிமுலேற்றரை ஓட வைத்த ஆக்கள், எந்தப் படியில் என்ன செய்தீர்கள் என்பதைத் தமிழில் எழுதி வையுங்கள். அடுத்த விண்டோஸ் வரும்போது அது தேவைப்படும்.